நூறில் ஒரு செக்கன்: திருகோணமலை அதிபர்களுக்கும் கல்வி, விளையாட்டு அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாடசாலை அதிபர்களுக்கும், வலயக் கல்வி அலுவலகங்களில் கடமையாற்றும் ஐயாமார் அம்மாமாருக்கும், மாவட்ட விளையாட்டு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். வலய மட்ட மெய்வல்லுநர் போட்டி நடக்கிற நாட்களில் மக்ஹெய்சர் விளையாட்டரங்கின் வேலி ஓரமாகக் குடையும் தண்ணீர்ப் போத்தலுமாக நிற்கிற பெண்களில் நானும் ஒருத்தி. எனக்குப் பதவி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் 200 மீற்றர் ஓடினேன், பிறகு நின்றுவிட்டேன். என் பிள்ளைகள் இருவரும் வளர்ந்த பின், ஆறு வருடமாக, விடியற்காலையில் டச்பே கடற்கரையில் பெண்பிள்ளைகளை ஓடப் பழக்குகிறேன். பதினொரு பேர் வருவார்கள். இரண்டு கிழமையாகப் பத்துப் பேர்தான் வருகிறார்கள்.

வராமல் போனவளுக்கு வயது பதினான்கு. பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். தகப்பன் கடலுக்குப் போகிறவர், தாய் வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். பிள்ளை நான்கரைக்கு எழும்பி, தாய்க்கு மா பிழிந்து கொடுத்துவிட்டு ஐந்தே முக்காலுக்குக் கடற்கரைக்கு வந்துவிடுவாள்.

அவள் ஓட்டம் தொடங்குவதை நீங்கள் ஒரு தரம் பார்த்திருக்க வேண்டும். மணலில் ஸ்டார்ட்டிங் புளொக் வைக்க முடியாது. பெருவிரலால் இரண்டு குழி தோண்டுவாள், பின்குழியைக் கொஞ்சம் ஆழமாக. ரப்பர் பாண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் முடியை அள்ளிக் கட்டுவாள். பிறகு குனிந்து விரல்களை ஊன்றி அசையாமல் இருப்பாள். என் கைதட்டுத்தான் துப்பாக்கி. முதல் பத்து எட்டுக்குத் தலை நிமிராது. இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரும் இரண்டாவது எட்டிலேயே நிமிர்ந்து யார் முன்னுக்குப் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு இரண்டு வருடம் எடுக்கும். இவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சென்ற தவணை ஒரு புல் மைதானத்தில் என் கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தேன். 200 மீற்றருக்கு 27 செக்கனுக்குச் சற்று மேலே. கையால் பிடித்த நேரம் என்பதால் கால் செக்கன் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கூட்டினாலும் பதினான்கு வயதில், புல்லில், இரவல் சப்பாத்தில் அது சின்ன நேரம் இல்லை.

தகப்பன் தானாகவே வந்து என்னிடம் சொன்னார். மரியாதையான மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே பேசினார். “அடுத்த வருசம் பத்தாம் ஆண்டு, பிறகு ஓ.எல். பின்னேரம் ரியூசன் போகோணும். பிள்ளையும் பெரியாளாயிற்று, சனம் கதைக்குது. ஓடினது போதும் ரீச்சர்.” பின்னால் நின்ற தாய் ஒன்றே ஒன்று கேட்டார். “ஓடி என்ன கிடைக்கப்போகுது?”

நான் ரீச்சர் இல்லை, ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு ரீச்சரைப் போலப் பதில் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் வாய் வரவில்லை. இரண்டு கிழமையாக அந்தப் பதிலைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியதில் பாதி உங்களுக்கும் சொல்ல வேண்டியது என்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

சுசந்திகா ஜயசிங்கவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவருடைய பதக்கம் தெரிந்த அளவுக்கு அவர் வந்த வழி தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். 1975இல் கேகாலை மாவட்டத்தின் அத்னாவல என்ற சின்னக் கிராமத்தில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். ஓடுகிற சப்பாத்து வாங்கக்கூட வீட்டில் காசு இருக்கவில்லை. 1994இல் ஹிரோசிமா ஆசிய விளையாட்டு விழாவில் 200 மீற்றரில் வெள்ளி எடுத்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. அடுத்த வருடம் ஜகார்த்தாவில் ஆசிய சம்பியன். 1997இல் ஏதென்ஸ் நகரில் உலக சம்பியன்ஷிப். அந்த 200 மீற்றர் முடிவை நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன், இன்றும் மனப்பாடம். உக்ரேனின் ஷானா பின்ருசெவிச் 22.32, சுசந்திகா 22.39, ஜமேக்காவின் மெர்லின் ஓட்டி 22.40. ஓட்டி அந்தக் காலத்தில் பெண்கள் ஓட்டத்தின் அரசி. அவரை எங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி நூறில் ஒரு செக்கனால் முந்தினார்.

மூன்று வருடம் கழித்து சிட்னி ஒலிம்பிக். 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 28. அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84, பஹாமாஸின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27, சுசந்திகா 22.28. மூன்றாம் இடம், வெண்கலம். 1948இல் லண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடை தாண்டலில் வெள்ளி வென்ற பிறகு, ஐம்பத்திரண்டு வருடம் இந்த நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு 2007இல் மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார், பதக்கங்களை இழந்தார். 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது. பஹாமாஸ் வீராங்கனைக்குத் தங்கம் போனது.

அந்த நூறில் ஒரு செக்கனை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர். கையை நீட்டி வைத்தால் ஐந்து விரற்கிடைக்குள் அடங்கும். ஏதென்ஸில் அந்த ஐந்து விரற்கிடை அவருக்கு வெள்ளியைக் கொடுத்தது. சிட்னியில் அதே ஐந்து விரற்கிடை, பின்னால் திரும்பிப் பார்த்தால், ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுபோனது.

ஏதென்ஸுக்கும் சிட்னிக்கும் நடுவில் அவர் என்ன பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு. நாடே அவரைப் பேசியது. பிறகு விடுவிக்கப்பட்டார். விளையாட்டுத்துறையில் அதிகாரத்தில் இருந்தவர்களால் தனக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில், கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண், உலகப் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே இதையெல்லாம் தாண்ட வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தால், ஒழுங்காக உறங்கியிருந்தால் அந்த ஐந்து விரற்கிடை கிடைத்திருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போதும் நான் அதைத்தான் நினைக்கிறேன்.

அவர் அதோடு நிற்கவில்லை. 2002இல் பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் 100 மீற்றர் தங்கம். 2007இல் ஒசாகா உலக சம்பியன்ஷிப்பில், முப்பத்தொரு வயதில், 200 மீற்றரில் வெண்கலம். 100 மீற்றரில் 11.04, 200 மீற்றரில் 22.28 என்ற அவருடைய இலங்கைச் சாதனைகள் கால் நூற்றாண்டு தாண்டியும் நிற்கின்றன. சரி, இத்தனைக்கும் பிறகு என்ன நடந்தது? 2017இல், தனக்குக் கிடைத்து வந்த மாதக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டுவிட்டது, ஒலிம்பிக் பதக்கத்தை ஏலம் விடப்போகிறேன் என்று அவரே சொல்ல வேண்டி வந்தது. வென்றவளுக்கே இப்படி என்றால் வெல்லப்போகிறவளை யார் பார்ப்பார்கள் என்று அந்தத் தாய் நினைத்தால் அவரை எப்படிக் குறை சொல்வது?

சிட்னிச் செய்தியை நாங்கள் வானொலியில் கேட்டோம். எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஊர் எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பொழுதுபட்டால் வெளியே போக முடியாது, சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அவர் பேசுகிற மொழியில் எனக்கு நாலு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் “இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க” என்று அறிவிப்பாளர் சொன்னபோது எழும்பி நின்றேன், கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்குக் காரணம் விளங்கியது. ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

காரணம் இதுதான். 1998இல், பதினாறு வயதில், வலய மட்டத்தில் 200 மீற்றரில் முதலாவதாக வந்தேன். இன்னொரு பிள்ளையின் ஸ்பைக்ஸ், எனக்கு ஒரு அளவு பெரிது. முன்பக்கம் பஞ்சு அடைத்து ஓடினேன். வளைவிலிருந்து நேர்ச்சுவட்டுக்கு வரும்போது இடது கால் சப்பாத்துக்குள் வழுக்கியது இன்றும் உள்ளங்காலில் இருக்கிறது. மாகாணப் போட்டிக்குத் தெரிவானேன். கடிதம் பாடசாலைக்கு வந்தது, என்னிடம் வந்து சேரவில்லை. போட்டிக்கு முதல்நாள் பின்னேரம்தான் சொன்னார்கள். கூட்டிக்கொண்டு போகப் பெண் ஆசிரியை ஒருவரும் இல்லை என்றும் அப்போதே சொன்னார்கள். ஆண் ஆசிரியரோடு, அந்தக் காலத்துப் பாதையில், தனிப் பெண்பிள்ளையை அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பார்? போகவில்லை. அடுத்த வருடம் பேர் கொடுக்கவும் இல்லை. என்னை யாரும் ஓடாதே என்று சொல்லவில்லை. ஒரு கடிதம் மேசையில் கிடந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் அங்கே இருக்கிற ஒரு பெண்ணாவது “எனக்கும்தான்” என்பார். ஒருவர் குண்டு போட்டவர், ஒருவர் நீளம் பாய்ந்தவர். தோற்று நின்றவர்கள் குறைவு. பதின்மூன்று வயதுக்கும் பதினாறு வயதுக்கும் நடுவில், ஏதோ ஒரு சின்னக் காரணத்தில், ஓசையில்லாமல் நின்றவர்களே அதிகம். அந்தச் சின்னக் காரணங்களைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை உங்கள் கையில் இருக்கின்றன.

செயற்கை ஓடுபாதை கேட்டு நான் எழுதவில்லை. கிடைத்தால் சந்தோசம். ஆனால் அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜமேக்காவின் ஷெலி ஆன் ஃப்ரேசர் பிரைஸ் 2008இலும் 2012இலும் ஒலிம்பிக் 100 மீற்றர் தங்கம் வென்றவர். அவருடைய தாய் தெருவில் சாமான் விற்றுப் பிள்ளை வளர்த்தவர். கிங்ஸ்டனில் அவர் சேர்ந்திருந்த கழகம் பயிற்சி செய்தது ஒரு பல்கலைக்கழகத்தின் புல் மைதானத்தில். புல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடித்தான் உலகத்தை வென்றார்கள். 2017இல் மகனைப் பெற்றார். 2019இல் டோஹாவில் 10.71 செக்கனில் உலக சம்பியனாகி, அந்தச் சின்ன மகனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நடந்தார். “பெண்பிள்ளைக்கு ஓட்டம் எத்தனை வயது வரைக்கும்?” என்று கேட்கிற பெற்றோருக்கு நான் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன்.

ஜமேக்காவிடம் இருப்பதில் எங்களிடம் இல்லாதது பாடசாலைப் போட்டிக்குக் கொடுக்கிற மரியாதை. அவர்களுடைய பாடசாலைச் சம்பியன்ஷிப் 1910இல் தொடங்கியது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க அரங்கம் நிறைகிறது, நேரங்கள் பத்திரிகையில் வருகின்றன. எங்கள் வலயப் போட்டியில் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் எழுதிச் சான்றிதழ் கொடுக்கிறோம். போன வருடம் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள் 200 மீற்றரை வென்ற பிள்ளை எத்தனை செக்கனில் ஓடினாள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். யாரிடமும் இல்லை. ஒரு கொப்பி போதும் ஐயா. ஒவ்வொரு வருடமும் பிள்ளையின் பெயர், பாடசாலை, நேரம். அப்போது 12 வயதில் வேகமாக ஓடிய பிள்ளை 14 வயதில் போட்டிக்கு வராவிட்டால் யாராவது கவனிப்பார்கள், எங்கே அவள் என்று கேட்பார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.

சென் லூசியா என்ற தீவின் சனத்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேலே இருக்கிறோம். அந்தத் தீவின் ஜூலியன் ஆல்ஃபிரட் 2024இல் பாரிஸில் 10.72 செக்கனில் ஒலிம்பிக் 100 மீற்றர் தங்கம் வென்றார். அந்த நாட்டின் முதலாவது ஒலிம்பிக் பதக்கமே அதுதான். பன்னிரண்டு வயதில் தகப்பனை இழந்தவர், பதினான்கு வயதில் ஜமேக்காவுக்குப் படிக்கப் போனவர். வென்ற பிறகு, சின்ன வயதில் சப்பாத்து இல்லாமல், பாடசாலைச் சீருடையோடு ஓடிய கதையைச் சொன்னார். பாடசாலைச் சீருடையோடு ஓடுகிற பிள்ளைகளை நான் கிண்ணியாவிலும் மூதூரிலும் சாம்பல்தீவிலும் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கிண்ணியா என்றதும் ஞாபகம் வருகிறது. கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். ஓடுபாதையின் ஒரு சுற்றுக்கு நாலு மீற்றர்தான் குறைவு. வாகனம் குறைந்த விடியற்காலையில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை அதில் ஓடவைத்துப் பார்த்தேன், அவர்களின் வாப்பா சைக்கிளில் பின்னால் வந்தார். அந்த இருவரும் முழுக்கை உடுப்பும் முக்காடும் போட்டுத்தான் ஓடுகிறார்கள். முக்காட்டோடு ஓட விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லி அவர்களை ஒரு போட்டியில் பின்னுக்கு நிறுத்திவிட்டார்கள். 2006இல் டோஹா ஆசிய விளையாட்டு விழாவில் பெண்கள் 200 மீற்றர் தங்கத்தை வென்ற பஹ்ரைனின் ருக்கையா அல் கஸ்ரா தலையை மூடிக்கொண்டுதான் ஓடினார். தயவுசெய்து இதை உங்கள் போட்டி நடுவர்கள் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். முக்காட்டோடு ஓட வருகிற பிள்ளை தொடக்கக் கோட்டில் நின்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய நிலை இருக்கக்கூடாது.

அடுத்தது உடுப்பு மாற்றுகிற இடம். எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். மாதவிடாய் நாளில் வெள்ளைக் காற்சட்டையோடு, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை இருக்கிற மைதானத்துக்குப் போகச் சொன்னால் எந்தப் பிள்ளை வரும்? என்னிடம் வருகிற பிள்ளைகளில் மூன்று பேர் போன வருடம் போட்டி நாளில் காய்ச்சல் என்று சொன்னார்கள். காய்ச்சல் இல்லை என்பது எனக்குத் தெரியும். கறுப்புக் காற்சட்டைக்கு அனுமதி கொடுங்கள். ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், உள்ளே ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் பிளாஸ்டரும் இருக்கிற இடத்தில் இரண்டு பக்கற் நாப்கினும் இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.ரி. உஷாவை எங்கள் தலைமுறையில் தெரியாதவர் இல்லை. கேரளத்தில் பையோளி என்ற கடலோர ஊர்க்காரர். அங்கே கடற்கரை மணலில் ஓடி ஓடி வளர்ந்த கால்கள் அவருடையவை. டச்பேயில் பிள்ளைகள் களைத்து உட்காரும்போது நான் சொல்வது அவரைத்தான். 1976இல் கேரள அரசு கண்ணூரில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. அந்த அரசு அதைத் தொடங்காமல் விட்டிருந்தால் நம்பியார் மாஸ்டர் என்ற பயிற்சியாளர் அவரைக் கண்டிருக்க மாட்டார். 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை தாண்டலில் அவர் எடுத்த நேரம் 55.42. வெண்கலம் போனது 55.41க்கு. அங்கேயும் நூறில் ஒரு செக்கன்தான். ஒலிம்பிக் கிராமத்தில் தனக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டேன், அதனால் கடைசி 35 மீற்றரில் சக்தி போதவில்லை என்று பல வருடம் கழித்து அவர் சொன்னார். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டு விழாவில் நான்கு தங்கம் வென்றவருக்கே அந்தக் கதி.

எங்கள் பிள்ளைகள் விடியற்காலையில் பிளேன்ரீயோடு வந்து ஓடிவிட்டு, அப்படியே பாடசாலைக்குப் போகிறார்கள். அவித்த கடலை ஒரு கை, ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், இவ்வளவுதான் தேவை. நான் பத்துப் பேருக்குக் கடலை அவிக்கிறேன், முட்டைக்கு என் கை எட்டவில்லை. அந்தந்தப் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லி ஓடுகிற பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தரமாவது பார்க்கச் சொல்லுங்கள். கடைசி ஐம்பது மீற்றரில் கால் பின்னும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுகிற பயிற்றுநர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும்.

மைதானம் இருக்கிறது, நேரம்தான் பெண்பிள்ளைகளுக்கு இல்லை. எங்கள் ஊரின் உயிர் உதைபந்து. ஏகாம்பரம் மைதானத்தில் பந்து உருளுவதைப் பார்த்தபடிதான் நானும் வளர்ந்தேன், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. பாடசாலை மைதானங்களில் கிழமைக்கு இரண்டு பின்னேரம், மூன்றரையிலிருந்து நாலரை வரை, ஓரத்தில் இரண்டு சுவடு பெண்பிள்ளைகளுக்கு என்று அதிபர் எழுதி ஒட்டினால் போதும். எழுதி ஒட்டாவிட்டால் நடக்காது. நாலரைக்கு முடித்தால் பிள்ளை வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போவாள், ரியூசனுக்கும் போவாள். அந்தத் தகப்பன் ரியூசன் என்று சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. படிப்பும் வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் புழுதியில் ஓட முடியாது, அப்போது காலையில் பாடசாலை தொடங்க முன் ஒரு மணித்தியாலம் கேற்றைத் திறந்து விடுங்கள். காவலாளியிடம் ஒரு சொல் சொல்லி வைத்தால் ஆகிற காரியம் அது.

எல்லாவற்றையும் விட நான் அழுத்திக் கேட்பது, வெளியூர்ப் போட்டிக்குப் போகிற ஒவ்வொரு குழுவோடும் ஒரு பெண் போக வேண்டும். ஆசிரியை இல்லையென்றால் ஒரு தாய் போகட்டும், அவருக்குப் பஸ் காசும் சாப்பாடும் கொடுங்கள். போட்டிக்கான கடிதத்தின் ஒரு பிரதி பிள்ளையின் வீட்டுக்கு நேரே வர வேண்டும். பிறகு, பயிற்சியில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது தவறாக நடந்தால் சொல்வதற்கு ஒரு பெண்ணின் பெயரும் இலக்கமும் ஒவ்வொரு பாடசாலையிலும் எழுதியிருக்க வேண்டும். அவர் பயிற்றுநருக்கோ தெரிவுக்குழுவுக்கோ வேண்டியவராக இருக்கக்கூடாது. சுசந்திகா உலகப் பதக்கத்தோடு நின்று பேசியே எவ்வளவு பட்டார் என்று பார்த்தோம். பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் பதக்கமும் இல்லை.

அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். ஓடி என்ன கிடைக்கப்போகுது? உண்மையைச் சொன்னால், என்னிடம் வருகிற பதினொரு பேரில் ஒருத்தி கூட ஒலிம்பிக் போகாமல் இருக்கலாம். நான் அந்தத் தாய்க்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் தேசிய மட்டத்தில் ஓடுகிற பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுக்கென்று ஒரு வழி இருக்கிறது, முப்படைகளும் பொலிசும் விளையாட்டு வீரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன, உடற்கல்வி ஆசிரியையாக வரலாம். இதையெல்லாம் அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. நானும் அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. பதினாறு வயதில் அந்த வளைவில் ஓடிய இருபத்தாறு, இருபத்தேழு செக்கன் அளவுக்கு என்னை நானே முழுதாக உணர்ந்த நேரம் பிறகு என் வாழ்க்கையில் அதிகம் வரவில்லை. பிள்ளை பெற்றபோது வந்தது, வேறு நாட்களை விரல்விட்டு எண்ணலாம். அந்தப் பிள்ளையிடம் இருந்து அதை எடுக்க எனக்கு மனமில்லை.

அவளுடைய ஸ்பைக்ஸ் என் வீட்டில் இருக்கிறது. பழையது, மூத்த பிள்ளை ஒருத்தி கொடுத்தது. கடற்காற்றில் ஆணிகள் கறள் பிடிக்கும் என்பதால், கழற்றித் தேங்காய் எண்ணெய் பூசி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் விடியற்காலை, கடற்கரைக்குப் போகிற வழியில் அவளைக் கண்டேன். பேக்கரிக்கு வந்திருந்தாள், கையில் பாண் பை. என்னைக் காணவில்லை. தெருவில் ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தாள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள், சந்தியிலிருந்து மூன்றாவது லைற் போஸ்ற் வரைக்கும் ஓடினாள். தலை நிமிரவில்லை. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல நடந்து போனாள்.

நான் போய்ப் பேசினால் அவளுடைய தகப்பன் கேட்கமாட்டார், என்னிடம் ஒரு தரம் சொல்லிவிட்டார். அதிபர் ஒருவரோ, அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாவோ என்னோடு வந்தால் கதிரை போட்டு இருத்தி, சொல்வதைக் கேட்பார். அவர் கடலுக்குப் போகாத நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். உங்களில் யார் வந்தாலும் நான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
டச்பே கடற்கரையில் பிள்ளைகளை ஓடப் பழக்கும் ஒரு தாய்
திருகோணமலை